வங்கி தவறாகப் பிடித்த கட்டணத்தை வட்டியோடு திரும்பப் பெறுவது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்வோருக்கான முழுமையான வழிகாட்டி

வங்கி பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வட்டி நினைவுக்கு வருவது அசல் தொகை கணக்கில் வந்து சேர்ந்த பிறகுதான். அப்போது கேட்டால் "விவகாரம் முடிந்துவிட்டது" என்று ஒரு வரியில் பதில் வரும். பல சமயங்களில் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆகவே வட்டியை முதல் கடிதத்திலிருந்தே அசலோடு சேர்த்துக் கேட்க வேண்டும். என்ன பெயரில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு கேட்பது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் நீதிமன்ற முறையே வேறு; காலவரம்பும் அங்கே 5 ஆண்டுதான். வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டம் உண்டு.

1. கட்டணம் திரும்பக் கிடைக்கக்கூடியதா என்று முதலில் பாருங்கள்

அசல் நிற்காத இடத்தில் வட்டியும் நிற்காது. "கட்டணம் ரொம்ப அதிகம், அதனால் நியாயமற்றது" என்ற வாதம் இன்று எடுபடாது. அனுமதியில்லாத ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்து மைனஸுக்குப் போவது) கட்டணங்கள் பற்றிய வழக்கில் 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. அந்தக் கட்டணங்கள் கணக்குச் சேவையின் விலையில் ஒரு பகுதி, ஆகவே தொகை கூடுதலா குறைவா என்ற கேள்வியை நியாயமற்ற நிபந்தனைகள் சட்டத்தின் கீழ் எழுப்ப முடியாது என்பது தீர்ப்பு. 2006, 2007 வாக்கில் எழுதப்பட்ட மாதிரிக் கடிதங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நகலெடுத்து அனுப்பினால் வங்கி அந்தத் தீர்ப்பைக் காட்டியே மறுத்துவிடும்.

இன்று நிற்கக்கூடிய காரணங்கள் வேறு. நீங்கள் ரத்து செய்யச் சொன்ன பிறகும் மாதச் சந்தா பிடித்தது. வங்கியின் பிழையால் பணம் போகாமல், அதற்கு உங்களிடமே கட்டணம் வசூலித்தது. கட்டணப் பட்டியலிலேயே இல்லாத கட்டணம். காப்பீடு, சலுகை என்று சேர்த்துக் கட்டிய 'பேக்கேஜ்டு' கணக்கை உங்களுக்குப் பயன்படாது என்று தெரிந்தும் தலையில் கட்டியது. நீங்கள் பணக் கஷ்டத்தில் இருப்பது தெரிந்தும் கட்டணத்தின் மேல் கட்டணமாக ஏற்றிக்கொண்டே போனது.

காலவரம்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நீதிமன்றத்துக்குப் பொதுவாக 6 ஆண்டு; அதுவும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது பிடிக்கப்பட்ட நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். 2020 ஏப்ரல் 6 முதல் ஓவர்டிராஃப்டுக்கு நிலையான கட்டணம் வசூலிப்பதே தடை செய்யப்பட்டுவிட்டது. எனவே பலர் மனத்தில் வைத்திருக்கும் அந்தப் பழைய 'நாளுக்கு இவ்வளவு' கட்டணங்கள் எல்லாம் அதற்கு முந்தையவை. 2020 மார்ச்சில் பிடித்த கட்டணத்துக்கு அந்த 6 ஆண்டு 2026 மார்ச் வரைதான்.

2. மூன்று வட்டிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'வட்டி' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்தக் கட்டணத்தின் மேல் வங்கி உங்களிடம் வாங்கிய ஓவர்டிராஃப்ட் வட்டி. கட்டணம் பிடித்ததால் மைனஸ் கூடியது, கூடிய மைனஸுக்கும் வட்டி போட்டார்கள். இது உங்கள் கையிலிருந்து போன பணம், அதாவது அசலைப் போன்ற இழப்பு. இதைக் கேட்பதற்குத் தனிச் சட்டப்பிரிவு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, பணம் உங்களிடம் இல்லாமல் போன காலத்துக்கு ஈடாக நீதிமன்றம் தரும் வட்டி. 1984ஆம் ஆண்டு கவுன்டி நீதிமன்றச் சட்டத்தின் 69ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. விகிதத்தைச் சட்டம் குறிப்பிடவில்லை. நடைமுறையில் ஆண்டுக்கு 8 சதவீதம் கேட்கிறார்கள். இது தனிவட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது. நீதிபதி தரலாம், குறைக்கலாம், மறுக்கலாம். காரணமில்லாமல் பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்தால், அந்தக் காலத்துக்கான வட்டியை வெட்டவும் செய்யலாம்.

மூன்றாவது, "வங்கி என்னிடம் வாங்கும் விகிதத்திலேயே எனக்கும் கூட்டு வட்டி தரவேண்டும்" என்ற வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்காது. தவறாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தரும் வழக்குகளில் கூட்டு வட்டி கேட்க 2007இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு வழி திறந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. என் கருத்தில், சிறிய தொகைக்கான வழக்கில் இதைத் தொடவே வேண்டாம். வழக்கு சிக்கலாகும், நீங்கள் பேராசைக்காரர் என்ற தோற்றம் வரும், எதிர்த்தரப்புக்குப் பேச ஒரு பொருளும் கிடைக்கும்.

ஒரே பணத்துக்கு, ஒரே நாட்களுக்கு, இரண்டாவது வகையையும் மூன்றாவது வகையையும் சேர்த்துக் கேட்கவே கூடாது.

3. தாள்களைச் சேர்த்த பிறகே கடிதம் எழுதுங்கள்

வட்டிக் கணக்குக்கு ஒவ்வொரு கட்டணத்தின் தேதியும் தொகையும் துல்லியமாக வேண்டும். "2022இலிருந்து மாதாமாதம் பிடித்தார்கள்" என்பதை வைத்து வட்டி போட முடியாது.

செயலியில் பழைய ஸ்டேட்மென்ட்கள் கிடைத்தால் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விவரங்களைக் கேட்டு வங்கிக்கு எழுதுங்கள். 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' என்று தலைப்பிட்டால் சரியான பிரிவுக்குப் போய்ச் சேரும். இதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். வெறும் ஸ்டேட்மென்ட் மட்டும் கேட்காமல், தொலைபேசி உரையாடல் பதிவுகளையும் கணக்கில் எழுதப்பட்ட உள்குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். "ரத்து செய்யச் சொன்னேன்", "கஷ்டத்தைச் சொன்னேன்" என்பதற்கான சான்று அநேகமாக அங்கேதான் இருக்கும்.

அந்தந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த கட்டணப் பட்டியலும் வேண்டும். இன்றைய பட்டியலை வைத்து 2021ஆம் ஆண்டுக் கட்டணத்தைக் கேள்வி கேட்காதீர்கள்.

4. அட்டவணை போடுங்கள்: ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு வரி

விரிதாளில் ஐந்து நெடுவரிசை போதும்: பிடித்த தேதி, எதற்காக, தொகை, நாட்கள், வட்டி. ஒவ்வொரு வரிக்கும் சூத்திரம் இதுதான்:

தொகை × 0.08 × நாட்கள் ÷ 365

பிடித்த நாளிலிருந்து நீங்கள் கணக்கை முடிக்கும் நாள்வரை நாட்களை எண்ணுங்கள். லீப் ஆண்டு வந்தாலும் 365ஆல் வகுப்பதே வழக்கம்.

ஓர் உதாரணம். பேக்கேஜ்டு கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றும்படி ஒருவர் 2023 ஜூனில் எழுத்தில் கேட்டார். வங்கி மாற்றாமல், 2023 ஜூலை முதல் 2025 ஜூன்வரை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி 15 பவுண்ட் பிடித்தது. 24 மாதம், மொத்தம் 360 பவுண்ட். கணக்கை 2025 ஜூன் 30இல் முடிக்கிறார்.

பெரும்பாலோர் போடும் கணக்கு: 360 பவுண்டுக்கு 8 சதவீதம், இரண்டு ஆண்டு, ஆக 57.60 பவுண்ட். இது தவறு. 360 பவுண்டும் முதல் நாளே போய்விடவில்லை. முதல் 15 பவுண்டுக்கு 730 நாள் வட்டி, அது 2.40 பவுண்ட். கடைசி 15 பவுண்டுக்கு 29 நாள்தான். வட்டி 10 பென்ஸைக்கூட எட்டாது. 24 வரிகளின் நாட்களையும் கூட்டினால் 9,092 வரும். 15 × 0.08 × 9,092 ÷ 365 என்று போட்டால் சரியான வட்டி 29.89 பவுண்ட். தவறான கணக்கு இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பார்க்கும் வங்கி வழக்கறிஞர் உங்கள் மற்ற எண்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு கோளாறு தேதி வடிவம். விரிதாள் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/07 என்பதை மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். ஜூலை 3 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மாதத்தை எழுத்தில் வரும்படி மாற்றி வைத்துவிட்டு ஒரு முறை சரிபாருங்கள்.

ஓவர்டிராஃப்ட் வட்டிக்குத் தனி வரிகள் சேருங்கள். ஒரு மாதம் சராசரியாக 300 பவுண்ட் மைனஸ். அதில் 60 பவுண்ட் இந்தக் கட்டணங்களால் வந்தது. அந்த மாதம் வங்கி பிடித்த வட்டி 8 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 300ஆல் வகுத்து 8ஆல் பெருக்கினால் 1.60 பவுண்ட். அதுவே உங்கள் பங்கு. இது தோராயம்தான். "துல்லியமான தொகையை நீங்களே மறுகணக்கிட்டுத் தாருங்கள், என் மதிப்பீடு இது" என்று எழுதுங்கள். எண்ணே போடாமல் விட்டால் அந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடுவார்கள்.

வங்கி ஏற்கெனவே ஒரு கட்டணத்தைத் திருப்பித் தந்திருந்தால், அந்த வரியின் நாட்கள் திருப்பித் தந்த தேதியோடு நிற்கும். வழக்குப் போடும்போது அப்படிப்பட்ட வரிகளை எடுத்துவிட வேண்டியிருக்கும். காரணம் 6ஆவது பகுதியில் வருகிறது.

5. வங்கிக்கு எழுதும் முதல் கடிதம்

அதை 'புகார்' என்றே தெளிவாகக் குறிப்பிடுங்கள். விசாரிப்பது போல எழுதினால் விசாரணையாகவே பதிவு செய்வார்கள், காலக்கெடு ஓடாது. புகார் என்றால் இறுதிப் பதில் தர வங்கிக்குப் பொதுவாக 8 வாரம்.

தொகைகளை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: பிடித்த கட்டணங்கள் இவ்வளவு, அவற்றால் வந்த ஓவர்டிராஃப்ட் வட்டி இவ்வளவு, பணம் இல்லாமல் போன காலத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டி இவ்வளவு. அட்டவணையை இணையுங்கள்.

இந்தக் கட்டத்தில் "69ஆவது பிரிவின்படி நீங்கள் தந்தே தீரவேண்டும்" என்று எழுத வேண்டாம். அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்குத் தரப்பட்ட அதிகாரம். வழக்கே இல்லாதபோது அது வங்கியைக் கட்டாது. "ஈடாக இந்த வட்டியைக் கோருகிறேன், விவகாரம் நீதிமன்றம் போனால் 69ஆவது பிரிவின் கீழும் கோருவேன்" என்று எழுதினால் போதும். மிரட்டலும் இல்லை, உரிமையை விட்டதாகவும் ஆகாது.

கணக்கு இன்னும் மைனஸில் இருந்தால், திரும்பும் பணத்தை வங்கி அந்தக் கடனிலேயே கழித்துக்கொள்ளலாம். வாடகை, உணவு போன்ற அவசரச் செலவுக்கு அந்தப் பணம் தேவை என்றால் காரணத்தைச் சொல்லி வேறு கணக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஒப்புக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லை. கேட்காவிட்டால் நிச்சயம் கழித்துக்கொள்வார்கள்.

6. ஒம்புட்ஸ்மனா, நீதிமன்றமா?

இறுதிப் பதில் திருப்தியில்லை, அல்லது 8 வாரம் ஆகியும் பதிலே இல்லை என்றால், அடுத்து, வங்கிகள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சர்வீஸிடம் போகலாம். உங்களுக்குச் செலவில்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும். பெரும்பாலோருக்கு இதுவே நல்ல வழி. பணக் கஷ்டம், வங்கி நடத்திய விதம் போன்றவற்றில் சட்டத்தை மட்டும் பார்க்காமல் 'நியாயமானது எது' என்று கேட்டு முடிவு செய்யும் இடம் இது.

ஒம்புட்ஸ்மன் வட்டியைப் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறு. அந்தக் கட்டணங்கள் பிடிக்கப்படாமலே இருந்திருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று மறுபடி கட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தும் கணக்கு மைனஸிலேயே இருந்த காலத்துக்கு, ஓவர்டிராஃப்ட் வட்டி குறையும், அவ்வளவுதான். கணக்கு பிளஸுக்கு வந்திருக்கும் நாட்களுக்குத்தான் மேற்கொண்டு ஈட்டு வட்டி, அதாவது பணம் இல்லாமல் போனதற்கு ஈடான வட்டி. அந்த வட்டி விகிதமும் அவர்களுடைய கொள்கை முடிவு. நெடுங்காலம் 8 சதவீதம் தந்தார்கள் என்பதால் உங்களுக்கும் அதுவே என்று எண்ணிவிடாமல், விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்தில் இருக்கும் விகிதத்தைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒம்புட்ஸ்மனிடம் புகார் நிலுவையில் இருப்பதால் நீதிமன்றத்தின் 6 ஆண்டுக் கடிகாரம் நிற்காது. பழைய கட்டணங்கள் வரம்பின் விளிம்பில் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். அடுத்தது, ஒம்புட்ஸ்மனின் இறுதி முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது இரு தரப்பையும் கட்டும். "வட்டி குறைவு, மீதியை நீதிமன்றத்தில் வாங்கிக்கொள்கிறேன்" என்று பிறகு போக முடியாது.

நீதிமன்றம் போவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் வழக்குப் பதியும் முன்பே வங்கி அசல் முழுவதையும் தந்துவிட்டால், வட்டிக்காக மட்டும் 69ஆவது பிரிவின் கீழ் வழக்குப் போட முடியாது. மீட்க வேண்டிய கடன் இருக்கும் வழக்கில்தான் அந்த வட்டி ஒட்டிக்கொண்டு வரும். பதிந்த பிறகு வங்கி பணம் தந்தால், தந்த நாள்வரை வட்டி கேட்கலாம். முதல் கடிதத்திலேயே வட்டியைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

7. நீதிமன்றப் படிவத்தில் வட்டியை எழுதுவது

வழக்குப் பதியும் முன் ஒரு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பி, சாதாரண விவகாரத்துக்கு 14 நாள் அவகாசம் கொடுங்கள். 10,000 பவுண்ட் வரையிலான கோரிக்கைகள் பொதுவாக 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' என்ற, சிறு தொகை வழக்குகளுக்கான எளிய வழியில் போகும். எதிர்த்தரப்பு மறுத்தால், 2024 மே மாதத்திலிருந்து பதிந்த பண வழக்குகளில் நீதிமன்றத்தின் இலவச சமரசப் பேச்சு கட்டாயம்.

படிவத்தில் கேட்காத வட்டியை நீதிபதி தாமாகத் தரமாட்டார். நீதிமன்ற விதிகளின்படி ஐந்து விவரங்கள் அதில் இருக்கவேண்டும்: எந்தச் சட்டத்தின் கீழ், என்ன விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை கணக்கிட்டு எவ்வளவு, அதற்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு. நம் உதாரணத்துக்கு, ஆங்கிலத்தில் நீங்கள் எழுதவேண்டியதன் சாரம் இது:

"1984ஆம் ஆண்டு கவுன்டி நீதிமன்றச் சட்டம் 69ஆவது பிரிவின் கீழ், இணைத்துள்ள அட்டவணையில் காணும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது பிடிக்கப்பட்ட நாள் முதல் 2025 ஜூன் 30 வரை ஆண்டுக்கு 8 சதவீத வட்டியாக 29.89 பவுண்டும், அதன் பின் தீர்ப்பு நாள் அல்லது பணம் தரப்படும் நாள், எது முந்தியதோ அதுவரை நாளொன்றுக்கு 0.08 பவுண்டும் கோருகிறேன்."

நாள் வட்டி வந்த விதம்: 360 × 0.08 ÷ 365, அதாவது 7.9 பென்ஸ். கணக்கிட்டு முடிக்கும் தேதி, வழக்குப் பதியும் நாளைத் தாண்டக் கூடாது.

இணையப் படிவத்தில் வட்டி பற்றிய கேள்வி வரும்போது நிதானமாகப் படியுங்கள். 'முழுக் காலத்துக்கும் ஒரே விகிதம்' என்பதைத் தேர்ந்தெடுத்து முதல் கட்டணத்தின் தேதியைக் கொடுத்தால், மொத்தத் தொகைக்கும் அந்தத் தேதியிலிருந்தே வட்டி ஏறிவிடும். 4ஆவது பகுதியில் பார்த்த அதே 57.60 பவுண்ட் தவறு. வெவ்வேறு தொகைகளாகப் பிரித்துக் காட்டும் வழியைத் தேர்ந்தெடுத்து, அட்டவணையின் கூட்டுத்தொகையைக் கொடுங்கள். பழைய 'மணி கிளெய்ம் ஆன்லைன்' தளத்தில் விவரம் எழுத இடைவெளி உட்பட 1,080 எழுத்துக்குறிகளுக்கு மட்டுமே இடம். அங்கே வட்டிப் பத்தியை முதலில் எழுதிவிட்டு மிச்ச இடத்தில் கதையைச் சொல்லுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் அசலும் வட்டியும் சேர்ந்த தொகையை வைத்தே கணக்கிடப்படும். 2025 நிலவரப்படி 300 பவுண்ட் வரை 35, 500 வரை 50, 1,000 வரை 70 பவுண்ட். அசல் 290, வட்டி 24 என்றால் மொத்தம் 314. ஆக 35க்குப் பதில் 50 கட்டவேண்டும். ஜெயித்தால் அது திரும்ப வரும். தோற்றால் வராது. வருமானம் குறைந்தவர்கள் 'ஹெல்ப் வித் ஃபீஸ்' என்ற கட்டணச் சலுகைத் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதியுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கவுன்டி நீதிமன்றத் தீர்ப்பு 5,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அதற்குப் பின் வட்டி இல்லை.

8. வங்கி ஒரு தொகை தர முன்வந்தால்

"நல்லெண்ண அடிப்படையில் 360 பவுண்ட்" என்று கடிதம் வரும். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஏற்கும் நொடியில் வட்டியும் போய்விட்டது. ஏற்கும் முன் தொகையைப் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, ஓவர்டிராஃப்ட் வட்டி எவ்வளவு, ஈட்டு வட்டி எவ்வளவு, மன உளைச்சலுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு பிடித்தார்கள். கேட்காமலே கணக்கில் போட்டுவிட்டால், "பகுதித் தொகையாக மட்டும் ஏற்கிறேன், வட்டிக் கோரிக்கை தொடர்கிறது" என்று உடனே எழுத்தில் அனுப்புங்கள். அந்த நிலையில் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் நல்ல வழி ஒம்புட்ஸ்மன்.

20 பவுண்ட் வட்டிக்காக ஒரு வருடம் அலைவதில் பொருள் இல்லை என்று தோன்றினால், அதுவும் நியாயமான முடிவுதான். ஆனால் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுங்கள்.

இடைத்தரகு நிறுவனம் வழியாகப் போனால், அவர்கள் வாங்கும் சதவீதம் வட்டியும் சேர்ந்த மொத்தத்தின் மேல்தான். மேலே சொன்ன வேலைகளில் அவர்களால் மட்டுமே முடியும் என்று எதுவும் இல்லை.

9. வட்டிக்கு வரி உண்டு, திரும்பி வந்த கட்டணத்துக்கு இல்லை

திருப்பித் தந்த கட்டணமும் ஓவர்டிராஃப்ட் வட்டியும் உங்கள் பணமே. அவை வருமானம் ஆகாது. 8 சதவீத ஈட்டு வட்டி மட்டும் சேமிப்பு வட்டியைப் போல வருமானமாகக் கருதப்படும். வங்கி பெரும்பாலும் அதில் 20 சதவீதம் பிடித்துக்கொண்டே தரும். உதாரணத்தில் 29.89 பவுண்டில் 5.98 போய் 23.91 வரும், மொத்தம் 383.91. ஐந்து சொச்சம் பவுண்ட் குறைகிறதே என்று வங்கியோடு சண்டை போட வேண்டாம்.

அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்ட், உயர் விகிதத்தில் கட்டுபவருக்கு 500 பவுண்ட் வரையிலான சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை. அந்த வரம்புக்குள் நீங்கள் இருந்தால் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். வங்கியிடம் வரிப் பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, வரித்துறையின் ஆர்40 படிவத்தில் பிடித்தத்துக்கு முந்தைய வட்டியையும் பிடித்த வரியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். 360 பவுண்டை அதில் எழுத வேண்டாம். வட்டி கைக்கு வந்த வரி ஆண்டு முடிந்து 4 ஆண்டுவரை இதற்கு அவகாசம் உண்டு. ஆண்டுதோறும் சுயமதிப்பீட்டு வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர்கள் ஆர்40 நிரப்ப வேண்டியதில்லை. அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.